ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்: எதைக் காக்கும், எதைக் காக்காது, எர்த்தை எங்கே சேர்ப்பது

கேள்வி இதுதான். கோவையில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. இரண்டு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), அலுவலக அறையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒரு வருடத்துக்குள் மெஷினின் ஆர்எஸ்-232 கார்டு (கம்ப்யூட்டரோடு தகவல் பரிமாறும் போர்ட்) இரண்டு முறை போயிருக்கிறது, கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை) ஒரு முறை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் காலையில் 2 வோல்ட், எல்லா மெஷினும் ஓடும்போது 9 வோல்ட். சர்வோ ஸ்டெபிலைசர் ஏற்கெனவே இருக்கிறது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். போடலாமா, எத்தனை கேவிஏ, எப்படி இணைப்பது?

போடலாம். ஆனால் இப்போதே ஆர்டர் கொடுக்க வேண்டாம். உங்கள் மூன்று பழுதுகளில் இரண்டுக்கு இந்த டிரான்ஸ்ஃபார்மர் நேரடி மருந்து இல்லை. வாங்கிய பிறகும், அதன் செகண்டரி நியூட்ரலை எங்கே எர்த்தோடு சேர்க்கிறீர்கள், உள்ளே இருக்கும் ஷீல்டின் ஒயரை எங்கே கட்டுகிறீர்கள் என்ற இரண்டு விஷயங்களில்தான் பலன் முழுவதும் இருக்கிறது. அவை இரண்டும் தப்பினால் கொடுத்த காசு இரும்புக்கும் செம்புக்கும் கொடுத்ததாகவே முடியும்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பிரைமரி, செகண்டரி என்று இரண்டு தனித்தனிச் சுற்றுகள். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. சக்தி காந்தப் புலம் வழியாக மட்டுமே கடக்கிறது. அதனால் வெளியே இருந்து வரும் நியூட்ரல் உங்கள் மெஷினுக்குள் நுழைவதில்லை. செகண்டரியில் புதிதாக ஒரு நியூட்ரல் பிறக்கிறது. அதை எர்த்தோடு அங்கேயே சேர்த்தால், அந்த இடத்தில் நியூட்ரல்-எர்த் வோல்டேஜ் பூஜ்யம். சர்வோ ஸ்டெபிலைசர் இந்த வேலையைச் செய்யாது. அதில் இருப்பது வேரியாக் எனப்படும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் (உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே சுற்று), வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பக்-பூஸ்ட் டிரான்ஸ்ஃபார்மரும்தான். வந்த நியூட்ரல் அப்படியே வெளியே போகிறது.

இரண்டாவது வேலை, மூன்று பேஸிலும் நியூட்ரலிலும் சேர்ந்தாற்போல் எர்த்தைப் பொறுத்து ஏறி வரும் இரைச்சலைத் தடுப்பது. வெல்டிங் செட், பெரிய கான்டாக்டர், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இவற்றிலிருந்து வருவது பெரும்பாலும் இந்த வகைதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு சுற்றுகளும் அருகருகே இருப்பதால் அவற்றுக்கு நடுவே ஒரு கெபாசிட்டன்ஸ் தானாகவே உருவாகிவிடும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் அது 1 நானோஃபாரட் என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 32 லட்சம் ஓம், எதுவும் கடக்காது. அதே கெபாசிட்டன்ஸ் 1 மெகாஹெர்ட்ஸில் வெறும் 160 ஓம். கூர்மையான இரைச்சலுக்கு அது திறந்த கதவு. ஆகவே சாதாரண ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலைப் பிரிக்கும், ஆனால் வேகமான இரைச்சலைப் பெரிதாகத் தடுக்காது.

இதற்காகத்தான் இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே செம்பு அல்லது அலுமினியத் தகட்டை ஷீல்டாக வைக்கிறார்கள். அல்ட்ரா ஐசொலேஷன் என்ற பெயரில் விற்பவை பல ஷீல்டுகள் கொண்டவை. கேட்டலாக்கில் 0.005 பிக்கோஃபாரட், 120 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 0.005 பிக்கோஃபாரட் என்றால் 1 மெகாஹெர்ட்ஸில் 3 கோடி ஓமுக்கு மேல். 120 டெசிபல் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த எண்கள் ஷீல்டைச் சரியாக எர்த் செய்து, உள்வரும் ஒயரையும் வெளிச்செல்லும் ஒயரையும் தள்ளி வைத்து, சோதனை மேசையில் அளந்தவை. உங்கள் பட்டறையில் இன்புட் கேபிளும் அவுட்புட் கேபிளும் ஒரே டிரேயில் ஒட்டிக்கொண்டு போனால், இரைச்சல் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகாமல் கேபிளிலிருந்து கேபிளுக்கே தாவிவிடும்.

எதைச் செய்யாது என்பதும் அதே அளவு முக்கியம்.

வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை அது சரிசெய்யாது. ஒன்றுக்கு ஒன்று சுற்றென்றால் உள்ளே 190 வந்தால் வெளியே 190தான், சுமை ஏறினால் அதிலும் இன்னும் 3, 4 சதவீதம் குறையும். ஸ்டெபிலைசரைக் கழற்றிவிடாதீர்கள்.

இடி மின்னல் சர்ஜை (திடீர் வோல்டேஜ் பாய்ச்சலை) முழுதாகத் தடுக்காது. எல்லாக் கம்பிகளிலும் ஒன்றாக எழும் சர்ஜைக் குறைக்கும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, அல்லது பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே வரும் சர்ஜை, அது வோல்டேஜ்தானே, சுற்று விகிதப்படி செகண்டரிக்கும் வந்துசேரும். அதற்கு எஸ்பிடி (சர்ஜைத் தடுக்கும் கருவி) வேண்டும். மெயின் போர்டில் டைப் 2, ஓவர்ஹெட் லைனில் சப்ளை வருகிற இடமானால் டைப் 1-உம் சேர்ந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கு முன்னால் எஸ்பிடி இருந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷனையும் காக்கும்.

நியூட்ரல் அறுந்துபோவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் எலக்ட்ரானிக்ஸ் கூட்டமாகச் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். மூன்று பேஸ் சப்ளையில் பொது நியூட்ரல் விட்டுப்போனால், சுமை குறைவாக உள்ள பேஸில் வோல்டேஜ் 230-இலிருந்து 400-ஐ நோக்கி ஏறும். பிரைமரியை பேஸ்-நியூட்ரலில் கட்டிய சிங்கிள் பேஸ் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அந்த வோல்டேஜை அப்படியே கடத்திக் கொடுக்கும். ஆனால் பிரைமரியை 415 வோல்ட்டுக்குச் சுற்றி இரண்டு பேஸ்களுக்கு நடுவே கட்டினால், நியூட்ரலே தேவையில்லை. அது அறுந்தாலும் செகண்டரியில் 230 அசையாது. உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். குறை ஒன்று உண்டு: அந்த இரண்டு பேஸில் ஒன்று போனாலும் சப்ளை போய்விடும். பட்டறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் போன பேஸில் மோட்டார் வழியாகத் திரும்பி வரும் அரைகுறை வோல்டேஜும் கிடைக்கும். அதனால் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஒன்றை முன்னால் வைத்து, ஒரு பேஸ் போனால் முழுவதும் வெட்டிவிடும்படி செய்யுங்கள்.

இப்போது உங்கள் 9 வோல்ட்டுக்கு வருவோம்.

காலையில் 2, சுமையில் 9 என்று ஏறுகிறது என்றால் அது பெரும்பாலும் நியூட்ரல் கம்பியின் வோல்டேஜ் டிராப். கணக்கு எளிது. 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரின் தடை கிலோமீட்டருக்கு 7.4 ஓம். 30 மீட்டர் நியூட்ரல் ஓடினால் 0.22 ஓம், அதில் 10 ஆம்பியர் போனால் 2.2 வோல்ட். ஒயர் 6 ஸ்கொயர் எம்எம் ஆனால் 0.9 வோல்ட். 9 வோல்ட் வருகிறது என்றால் ஒன்று நியூட்ரல் ஒயர் மெலிசு, இல்லை நீளம் அதிகம், இல்லை எங்கோ ஒரு லூஸ் கனெக்ஷன். மூன்றாவது நிலை ஆபத்தானது, ஏனென்றால் அறுந்துபோகப் போகும் நியூட்ரல் முதலில் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். மெயின் சுவிட்ச், கட்-அவுட், நியூட்ரல் லிங்க் ஒவ்வொன்றிலும், சுமை ஓடும்போது, ஜாயின்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். நல்ல ஜாயின்டில் மில்லிவோல்ட்தான் வரும். அரை வோல்ட் வந்தால் அங்கே சூடு இருக்கிறது. இது மின்சாரம் இருக்கும்போதே பேனலில் செய்யும் அளவீடு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன், ரப்பர் கையுறை, கேட் 3 பாதுகாப்புத் தர மீட்டர் இல்லாமல் வேண்டாம்.

மூன்றாம் ஹார்மோனிக்கும் காரணமாக இருக்கலாம். எஸ்எம்பிஎஸ், எல்இடி விளக்கு போன்ற சிங்கிள் பேஸ் சுமைகளின் 150 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் கூடும். மூன்று பேஸும் சமமாக இருந்தும் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) நியூட்ரலில் பெரிய ஆம்பியர் காட்டினால் இதுதான். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் அவசியம்; சாதா மீட்டர் குறைத்துக் காட்டும்.

அடுத்து டாங் டெஸ்டரை எர்த் ஒயரில் போடுங்கள். அங்கே மில்லியம்பியருக்கு மேல் இருக்கவே கூடாது. 2, 3 ஆம்பியர் ஓடுகிறது என்றால் எங்கோ ஒரு பிளக்கிலோ மெஷின் பேனலிலோ நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டார்கள், அல்லது இரண்டையும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். எர்த்தில் மின்னோட்டம் ஓடினால் பட்டறையின் ஒரு மூலை எர்த்தும் இன்னொரு மூலை எர்த்தும் வெவ்வேறு வோல்டேஜில் நிற்கும்.

உங்கள் ஆர்எஸ்-232 கார்டின் கதை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிஎன்சி மெஷின்கள் பெரும்பாலும் மூன்று பேஸும் எர்த்தும் மட்டும் வாங்கிக்கொள்கின்றன. நியூட்ரலைத் தொடுவதே இல்லை. உங்கள் மெஷினின் இன்கமிங் டெர்மினலைப் பாருங்கள், எல்1, எல்2, எல்3, எர்த் மட்டும் இருந்தால் நியூட்ரல்-எர்த் 9 வோல்ட் அந்த மெஷினுக்குள் போக வழியில்லை. ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்கு ஒரு தகவல் கேபிள் போகிறது. ஆர்எஸ்-232-இல் சிக்னல் கிரவுண்டு இரண்டு பக்கமும் அந்தந்த எர்த்தோடு சேர்ந்தது. இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் மின்னோட்டம் அந்த மெல்லிய கேபிளில் ஓடும். பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்த நொடியில் அந்த வித்தியாசம் ஆயிரம் வோல்ட்டாகவும் ஆகலாம்; போவது போர்ட் சிப்தான். இதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். ஆப்டோ ஐசொலேட்டர் வைத்த ஆர்எஸ்-232 கன்வெர்ட்டர் போதும். ஈதர்நெட் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். அதன் போர்ட்டிலேயே சிறு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. கூடவே எல்லா எர்த்தையும் ஒன்றாக இணையுங்கள்.

கம்ப்யூட்டருக்கென்று தனி எர்த் குழி போட்டு, அதைப் பட்டறை எர்த்தோடு சேர்க்காமல் விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சுத்தமான எர்த் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குழிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், அவை கனமான பட்டையால் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். பிரிந்து நிற்கும் இரண்டு எர்த்தும் நடுவே ஒரு தகவல் கேபிளும் இருந்தால் அந்தக் கேபிள்தான் இணைப்புப் பட்டையாக மாறும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை, அல்லது பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் இரைச்சலில் மெஷின் அலாரம் போடுகிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது நியாயம். உங்களுக்கு இரண்டு வேறு தேவைகள்.

கம்ப்யூட்டர், ஸ்விட்ச், அளவுக் கருவி இவற்றுக்கு 415-க்கு 230, 2 கேவிஏ, சிங்கிள் பேஸ், ஷீல்டு வைத்தது ஒன்று. உண்மையான சுமை 900 விஏ இருந்தாலும் 2 கேவிஏ எடுங்கள். எஸ்எம்பிஎஸ் மின்னோட்டம் சைன் அலையாக ஓடாமல் உச்சியில் மட்டும் கூர்மையாகப் பாயும். சிறிய டிரான்ஸ்ஃபார்மர் அந்த உச்சியைத் தட்டையாக்கி, தானும் சூடாகும். செகண்டரி 8.7 ஆம்பியர், பிரைமரி 4.8 ஆம்பியர்.

மெஷின்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, பெயர்ப்பலகை கேவிஏவுக்கு மேல் 25 சதவீதம் கூட்டி. 15 கேவிஏ லேத் என்றால் 20 கேவிஏ, டெல்டா பிரைமரி, ஸ்டார் செகண்டரி (மூன்று சுற்றுகளின் ஒரு முனை ஒன்றாகச் சேர்வது ஸ்டார்; அந்தச் சந்திப்புதான் ஸ்டார் புள்ளி, அதுவே நியூட்ரல்). மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே பெரிதாகப் போட்டால் செலவு குறையும், ஆனால் ஒரு மெஷினின் ஸ்பிண்டில் டிரைவ் எழுப்பும் இரைச்சல் மற்ற இரண்டுக்கும் தடையின்றிப் போகும். ஜப்பானிய கண்ட்ரோல் வைத்த மெஷின்களில் 415-ஐ 200 அல்லது 220 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே கூட வந்திருக்கும். அது இரட்டைச் சுற்றா ஆட்டோவா என்று முதலில் பாருங்கள்: மின்சாரத்தை முழுவதும் வெட்டி, இன்புட், அவுட்புட் ஒயர்களைக் கழற்றி, இன்புட் முனைக்கும் அவுட்புட் முனைக்கும் நடுவே கன்டினியூட்டி பாருங்கள். பீப் அடித்தால் ஆட்டோ. அடிக்கவில்லை என்றால் உங்களிடம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே இருக்கிறது. மெஷின் மேனுவல் சொல்வதுபோல் ஸ்டார் புள்ளி எர்த் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், இன்னொன்று வாங்க வேண்டாம்.

வரிசை இப்படி: மெயின் போர்டு, எஸ்பிடி, சர்வோ ஸ்டெபிலைசர், பிரைமரி பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர், செகண்டரி பிரேக்கர், மெஷின். டிரான்ஸ்ஃபார்மர் மெஷினுக்குப் பக்கத்தில், முடிந்தால் 3 மீட்டருக்குள். மெயின் போர்டு அறையில் வைத்து 40 மீட்டர் கேபிள் இழுத்தால், புதிய நியூட்ரலிலும் அதே டிராப் வந்து, மெஷின் முனையில் மறுபடியும் பழைய வோல்டேஜ்தான்.

பிரேக்கரில் பலர் சறுக்குகிறார்கள். 20 கேவிஏ, 415 வோல்ட்டில் முழுச்சுமை 28 ஆம்பியர். ஆனால் சுவிட்ச் போடும் நொடியில் கோர் நிறைந்து, சில சுழற்சிகளுக்கு 10 மடங்கு, அதாவது 280 ஆம்பியர் வரை பாயும். சி கர்வ் (எத்தனை மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும் என்பதைச் சொல்லும் வகை) 32 ஆம்பியர் எம்சிபி பிரேக்கர் 160-இலிருந்து 320 ஆம்பியருக்குள் எங்கு வேண்டுமானாலும் உடனடியாக விழலாம். அதனால்தான் பத்து முறை போட்டால் மூன்று முறை விழுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் என்று நினைத்து ரீவைண்டிங்குக்கு அனுப்பியவர்களும் உண்டு. பிரைமரியில் டி கர்வ் 32 ஆம்பியர் போடுங்கள், அது 320-க்குக் கீழே உடனடியாக விழாது.

டி கர்வுக்கு ஒரு விலை இருக்கிறது. அது உடனடியாக விழுவது உறுதி என்று சொல்ல 640 ஆம்பியர் வேண்டும். பிரைமரி பக்கத்தில் பேஸ் ஒயர் உலோகப் பாடியில் பட்டால் மின்னோட்டம் உங்கள் எர்த் குழி வழியாக மண்ணில் இறங்கித்தான் திரும்ப வேண்டியிருக்கும். குழியின் தடை 2 ஓம் என்றாலும் 115 ஆம்பியர்தான். எம்சிபி உடனே விழாது, பாடியில் மின்சாரம் அப்படியே நிற்கும். ஆகவே பிரைமரிக்கு முன் 300 மில்லியம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தை உணர்ந்து வெட்டும் பிரேக்கர்) கட்டாயம்.

செகண்டரி பக்கத்தில் கணக்கு தலைகீழ். டிரான்ஸ்ஃபார்மரின் இம்பிடன்ஸ் (உள் தடை) 4 சதவீதம் என்றால் முழு ஷார்ட்டிலும் 700 ஆம்பியருக்கு மேல் வராது. அங்கேயும் டி கர்வ் போட்டால் 640 என்பது அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. கேபிள் தடையும் சேர்ந்தால் எட்டாமல் போகும். செகண்டரிக்கு சி கர்வ் 32 சரி. 2 கேவிஏவுக்கும் அப்படியே: 5 சதவீத இம்பிடன்ஸில் ஷார்ட் மின்னோட்டம் 174 ஆம்பியர்தான், சி கர்வ் 10 ஆம்பியர் 100-இல் நிச்சயம் விழும், சி 25 என்று தாராளமாகப் போட்டால் உடனே விழும் என்ற உறுதி இல்லை.

இனி எர்த். பதிலின் மையம் இது.

பிரைமரி பக்கம் வந்த எர்த் ஒயர், டிரான்ஸ்ஃபார்மர் பாடி, கோர், ஷீல்டின் ஒயர், செகண்டரியின் நியூட்ரல் முனை (மூன்று பேஸானால் ஸ்டார் புள்ளி), மெஷினுக்குப் போகும் எர்த் ஒயர், இவை அனைத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள் ஒரே செம்பு எர்த் பாரில் சேர வேண்டும். நியூட்ரல்-எர்த் இணைப்பு அந்த ஒரு இடத்தில் மட்டும். கீழே வேறெங்கும் கிடையாது. இணைப்பு ஒயர் பேஸ் ஒயரின் அதே தடிமன்; 16 ஸ்கொயர் எம்எம் வரை இதே விதி. ஷீல்டின் ஒயர் மிகக் குட்டையாக, முடிந்தால் பட்டையாக. ஒரு மீட்டர் ஒயருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ். சுருட்டி வைத்த ஒரு மீட்டர் ஷீல்டு ஒயர் மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு எர்த்தே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். பெட்டியிலிருந்து நீட்டிய பச்சை ஒயரை எதிலும் கட்டாமல் டேப் சுற்றி விட்டுவிடுவது அதைவிட மோசம்.

இப்படிச் சேர்ப்பதால் இன்னொரு நன்மை கிடைக்கிறது. மெஷினில் பேஸ் பாடியில் பட்டால் மின்னோட்டம் மண்ணுக்குப் போகாமல் எர்த் ஒயர் வழியாகவே சில மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டார் புள்ளிக்குத் திரும்பும். குழியின் தடை குறுக்கே வராது. எம்சிபி சட்டென்று விழும்.

இதற்கு மேலும் 30 மில்லியம்பியர் ஆர்சிசிபி வேண்டுமானால், நியூட்ரல்-எர்த் இணைப்புக்குப் பிறகு, செகண்டரியில் வையுங்கள். மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபிக்கு டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப்புறம் நடப்பது தெரியாது. மெயினில் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. முதலாவது, புதிய நியூட்ரலைப் பழைய போர்டின் நியூட்ரல் லிங்க்கில் சேர்ப்பது. நிறம் ஒன்று, பெயர் ஒன்று என்பதால் எலக்ட்ரீஷியன் கை தானாக அங்கே போகும். சேர்த்துவிட்டால் ஐசொலேஷன் போய்விட்டது. அது மட்டுமில்லை, பழைய நியூட்ரலின் 9 வோல்ட் இப்போது உங்கள் எர்த் வழியாக மண்ணுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். 2 ஓம் குழியில் 4.5 ஆம்பியர், மெஷின்கள் ஓடும் நேரம் முழுவதும். புதிய போர்டு, புதிய லிங்க், அதன் மேல் தெளிவாக எழுதிய லேபிள், இவை மூன்றும் வேண்டும்.

இரண்டாவது, செகண்டரியை எர்த் செய்யாமல் மிதக்க விடுவது. ஒரு கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதைப் பாதுகாப்பு என்று நம்பி இப்படிச் செய்கிறார்கள். ஒரே ஒரு கருவி தொங்கினால் அதில் உண்மை இருக்கிறது. பல கருவிகள் தொங்கினால் முதல் பழுது யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்; இரண்டாவது பழுது இன்னொரு கருவியில் மற்ற கம்பியில் வரும்போது இரண்டு பாடிகளுக்கும் நடுவே முழு 230 நிற்கும். மிதக்கும் சப்ளையில் ஆர்சிசிபியும் வேலை செய்யாது, ஏனென்றால் கசியும் மின்னோட்டம் திரும்ப வழியே இல்லை. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் டக்கென்று விழும்! பட்டன் உள்ளேயே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைக் கோர்த்துச் சோதிக்கிறது, எர்த்தைத் தொடுவதில்லை. பட்டன் வேலை செய்கிறது, ஆள் பாதுகாப்பாக இருக்கிறார் என்று முடிவு செய்வது இங்கே உயிருக்கு ஆபத்து. விஎஃப்டிக்கும் மிதக்கும் சப்ளை ஒத்துவராது. உள்ளே எர்த்தை நோக்கிய ஃபில்டர் கெபாசிட்டர்களும் சர்ஜை உறிஞ்சும் எம்ஓவிகளும் இருக்கும், மேனுவலில் சொன்ன ஸ்க்ரூவைக் கழற்றாவிட்டால் முதல் எர்த் பழுதில் அவை வெடிக்கலாம்.

மிதக்க விட வேண்டிய இடங்களும் இருக்கின்றன, அது வேறு உலகம். ஆபரேஷன் தியேட்டரில் முதல் பழுதுக்கு சப்ளை அணையக்கூடாது என்பதற்காக மிதக்க விடுகிறார்கள். ஐஇசி 60364-7-710 விதியின்படி அங்கே 10 கேவிஏவுக்கு மேல் போகாத தனி டிரான்ஸ்ஃபார்மரும், இன்சுலேஷன் 50 கிலோஓமுக்கு இறங்கினால் அலாரம் தரும் மானிட்டரும் சேர்ந்துதான் வரும். மானிட்டர் இல்லாத மிதக்கும் சப்ளை பாதி வேலை. எஸ்எம்பிஎஸ் பழுதுபார்க்கும் மேசை இன்னொன்று: அங்கே பழுதுபார்க்கும் போர்டு மட்டும் டிரான்ஸ்ஃபார்மரில் தொங்க வேண்டும், ஒன்றே ஒன்றுதான். ஆசிலோஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு அதை மிதக்க விடுவது மிகத் தவறு. அதன் உலோக முனைகளிலெல்லாம் மின்சாரம் ஏறிவிடும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) மூன்று அளவு எடுங்கள்: பிரைமரி-செகண்டரி, பிரைமரி-பாடி, செகண்டரி-பாடி. நியூட்ரல்-எர்த் இணைப்பையும் எஸ்பிடியையும் கழற்றிவிட்டு, மெஷினைப் பிரித்துவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மெக்கர் எலக்ட்ரானிக்ஸைக் கொன்றுவிடும். புதிய டிரான்ஸ்ஃபார்மரில் 100 மெகாஓமுக்கு மேல் வர வேண்டும். மழைக்காலத்தில் குடோனில் கிடந்து வந்தது என்றால் குறைவாகக் காட்டலாம். உலர்த்தி மறுபடி எடுங்கள்.

பிறகு சுமையில்லாமல் சப்ளை கொடுத்து, நியூட்ரல்-எர்த் இணைப்பு இருப்பதை அளந்து உறுதிசெய்யுங்கள். இணைப்பு விட்டுப்போயிருந்தால் டிஜிட்டல் மீட்டர் இரண்டு முனையிலும் எர்த்தைப் பொறுத்து 80, 100, 115 என்று ஏதோ ஒன்று காட்டும். அது கெபாசிட்டன்ஸ் வழியாக வரும் போலி வோல்டேஜ். டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரியாது. இப்படிக் காட்டினால் வோல்டேஜைத் தேடாதீர்கள், விட்டுப்போன இணைப்பைத் தேடுங்கள். இணைப்பு சரி என்றால் பேஸ்-எர்த் 230-ஐ ஒட்டியும், நியூட்ரல்-எர்த் டிரான்ஸ்ஃபார்மரில் பூஜ்யமும், மெஷின் முனையில் முழுச்சுமையில் 1 வோல்ட்டுக்குக் கீழும் இருக்கும்.

யுபிஎஸ் வைத்திருந்தால் ஒரு வார்த்தை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆன்லைன் யுபிஎஸ்களில் இன்புட் நியூட்ரல்தான் அவுட்புட் நியூட்ரலும். அந்த நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் பிரேக்கர் முன்னால் இருந்தால், அதை இறக்கியதும் பேட்டரியில் ஓடும் அவுட்புட் மிதக்கத் தொடங்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை யுபிஎஸ்ஸின் அவுட்புட்டில் வைத்தால் எந்த நிலையிலும் நியூட்ரல்-எர்த் பூஜ்யம். ஆனால் ஓடும் யுபிஎஸ்ஸின் மேல் டிரான்ஸ்ஃபார்மரை சுவிட்ச் போட்டால் அந்த 10 மடங்கு பாய்ச்சலில் யுபிஎஸ் ஓவர்லோடு காட்டி பைபாஸுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரை இணைத்தே வைத்து யுபிஎஸ்ஸை முதலில் கிளப்புங்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் வோல்டேஜை மெல்ல ஏற்றும்.

ஆர்டரில் எழுத வேண்டியவை: இரட்டைச் சுற்று, இரண்டும் செம்பு (எழுதாவிட்டால் அலுமினியம் வரும்; அதே கேவிஏவுக்கு அது தடித்துப் பெரிதாகும், ஒயர் முனையின் லக்கில் தளரும்), சிஆர்ஜிஓ (சிலிக்கன் எஃகுத் தகடு) கோர், எச் கிளாஸ் (அதிக வெப்பம் தாங்கும்) இன்சுலேஷன், ஷீல்டு தனி டெர்மினலில், ஸ்டார் புள்ளி வெளியே கொண்டுவந்தது, கம்ப்யூட்டருக்கானது என்றால் கே-ஃபேக்டர் (ஹார்மோனிக் சூட்டைத் தாங்கும் அளவு) 4 அல்லது 13, மூன்று பேஸில் சிங்கிள் பேஸ் சுமை ஓடுமானால் நியூட்ரல் இரண்டு மடங்கு. டெஸ்ட் சான்றில் விகிதம், சுமையில்லா இழப்பு, சுமை இழப்பு, இம்பிடன்ஸ் சதவீதம், ஒரு நிமிட உயர் வோல்டேஜ் சோதனை இருக்க வேண்டும். இம்பிடன்ஸ் தெரியாமல் செகண்டரி பிரேக்கரை யாராலும் சரியாகத் தேர்வு செய்ய முடியாது. சுமையில்லா இழப்பு 1 சதவீதம் என்றாலே 20 கேவிஏ நாளுக்கு 4.8 யூனிட் சாப்பிடும். ராத்திரி மெஷின் நிற்கும்போது பிரைமரியை அணைத்துவிடுங்கள்.

பெட்டியைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, கூலன்ட் தெறிக்காத இடத்தில், ரப்பர் பேடின் மேல் வையுங்கள். 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இயல்பு. நாளாக ஆகச் சத்தம் கூடினால் கோர் போல்ட் தளர்ந்திருக்கிறது. ஒரு மாதம் ஓடியபின் சப்ளையை வெட்டி எல்லா லக்கையும் ஒருமுறை முறுக்கிவிட்டு, முழுச்சுமையில் நியூட்ரல்-எர்த் வோல்டேஜையும் எர்த் ஒயரின் மின்னோட்டத்தையும் அளந்து, தேதியோடு பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். அடுத்த வருடம் அந்த எண்ணிலிருந்து விலகினால் கார்டு போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.